இருளிலே தூரந் தேடிய கமெரா

நிழற்படம் பிடிக்கும் கருவி இன்று ஏறத்தாழ எல்லார் கையிலும் இருக்கின்றது. பகலொளியில் அது பிழை செய்வது அரிது. பொத்தானை அழுத்தியவுடன் முகமும் விழியும் தெளிவாகப் பதிந்துவிடுகின்றன. ஆயின், விளக்கொன்று மட்டும் எரியும் அறையிலே அதே கருவியை உயர்த்திப் பிடிப்பவர் வேறோர் அனுபவத்தைப் பெறுகின்றார். வில்லை முன்னும் பின்னும் ஓடுகின்றது. சற்றே நின்று மறுபடியும் ஓடுகின்றது. அதற்குள் பிள்ளையின் சிரிப்பு மறைந்துவிடுகின்றது. ஈற்றிற் பதிந்த படத்திலோ பிள்ளையின் முகம் கலங்கி, பின்சுவரிலே தொங்கும் நாட்காட்டி மட்டும் துலக்கமாகத் தெரிகின்றது.

கருவி பழுதுற்றதென்றே பலர் எண்ணுவர். பெரும்பாலும் அஃது உண்மையன்று. இருளிலே குவியஞ் செய்வது எவ்வாறு என்னும் வினா, நிழற்படக் கலை தோன்றிய நாள்தொட்டு அக்கலையைத் தொடர்ந்து வருவதொன்றாகும். அதற்கு மனிதர் கண்ட விடைகளை முறையே நோக்கினால், இன்றைய கருவி தடுமாறும் காரணமும், அத்தடுமாற்றத்தைத் தீர்க்கும் வழியும் ஒருங்கே விளங்கும்.

வில்லையானது ஒரு பொருளிலிருந்து வரும் ஒளிக்கதிர்களைத் திரட்டி ஓரிடத்திலே சேர்க்கின்றது. அவ்விடம் படத்தட்டின்மீது சரியாக விழுமாயின் உருவம் கூர்மையாகும். முன்னாகவோ பின்னாகவோ விழுமாயின், ஒவ்வொரு புள்ளியும் சிறு வட்டமாகப் பரந்து உருவம் கலங்கும். பொருளின் தூரம் மாறுந்தோறும் வில்லையின் நிலையும் மாறவேண்டும். ஆதலின் குவியஞ் செய்தல் என்பது, தூரத்தை அறிதலேயன்றி வேறன்று. பகலிலே கண் அத்தூரத்தை எளிதில் அறிகின்றது. இருளில் அறிவது எங்ஙனம்?

1839 ஆம் ஆண்டு பாரிசு நகரிலே டகேர் கண்ட முறை உலகிற்கு வெளியிடப்பட்டது. அக்காலத்து வில்லைகள் ஒளியை மிகக் குறைவாகவே உள்ளே விட்டன. மறுவருடம் வியன்னா நகரத்துக் கணித அறிஞராகிய யோசேப்பு பெட்சுவால் எஃப் 3.6 என்னும் அகன்ற துவாரமுடைய வில்லையொன்றைக் கணித்தமைத்தார். அது முன்னைய வில்லையினும் பன்மடங்கு ஒளியை உள்ளே விட்டமையால், மனிதரின் முகத்தைப் படமெடுத்தல் இயல்வதாயிற்று. ஆயினும் அந்த நன்மையோடு ஓர் இடரும் கூடவே வந்தது. துவாரம் அகல அகல, தெளிவாகத் தெரியும் ஆழம் சுருங்கும். விழி தெளிந்தால் காது கலங்கும். ஒளி போதாவிடத்துத் துவாரத்தை அகற்றவேண்டும். அகற்றினாலோ தூரத்தை முன்னையிலும் நுட்பமாக அறியவேண்டும். இருளில் நிழற்படம் எடுப்போரின் இடர் முழுவதும் இந்த முரண்பாட்டில் அடங்கும்.

அக்காலத்துக் கலைஞர் கரிய துணியொன்றைத் தலைமேற் போர்த்துக்கொண்டு, கமெராவின் பின்புறத்திலுள்ள மங்கற் கண்ணாடியில் தலைகீழாகத் தோன்றும் உருவத்தைப் பார்த்து வில்லையைத் திருகினர். அவர்களுள் இலங்கையரின் நினைவுக்கு உரியவர் ஒருவர் உளர். அவர் யூலியா மார்கரெற் கமரன் அம்மையார். இலங்கையின் ஆட்சிமுறையையும் நீதிமுறையையும் ஆராய்ந்த கோல்புறூக் கமரன் ஆணைக்குழுவின் உறுப்பினராகிய சாள்சு ஹே கமரன் என்பாரின் மனைவி அவர். 1863 ஆம் ஆண்டின் இறுதியில், தமது நாற்பத்தெட்டாம் வயதில், மகள் அளித்த கமெராவைப் பரிசாகப் பெற்ற அம்மையார், வைற் தீவிலிருந்த தம் இல்லத்துக் கோழிக்கூட்டையே படப்பிடிப்பு அறையாக மாற்றிக்கொண்டார். தெனிசன், டார்வின், ஹேர்செல் முதலாய பெரியோரின் முகங்கள் அவர் தட்டுகளிற் பதிந்தன.

அம்மையார் வேண்டியது மங்கிய ஒளி. அதனால் அவர்முன் அமர்ந்தவர் பல நிமிடம் அசையாதிருக்க நேர்ந்தது. வில்லையைத் திருகிச் செல்லுங்கால், உருவம் தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்திலேயே தாம் நிறுத்திவிட்டதாகவும், மேலுந் திருகிக் கூர்மையைத் தேடவில்லை என்றும் அவர் தம் குறிப்பிலே கூறியுள்ளார். நிழற்படச் சங்கத்தினர் சிலர் இதனைக் குறையென எள்ளினர். ஓவியர் பலர் புகழ்ந்தனர். 1875 ஆம் ஆண்டிலே கணவருடன் இலங்கைக்கு வந்து குடியேறிய அம்மையார், 1879 ஆம் ஆண்டு இங்கேயே மறைந்து, பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவிலே அடக்கஞ் செய்யப்பட்டார். குவியம் எங்கே நிற்கவேண்டும் என்பதை முடிவு செய்தது அவருடைய கண், கருவியன்று. இவ்வேறுபாடு இறுதியிலே மீண்டும் நினைக்கத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டிலே நிழற்படம் செய்தித்தாளுக்கு இன்றியமையாததாயிற்று. செய்தியோ ஒளியைப் பார்த்து நிகழ்வதன்று. நீதிமன்றமும் மாநாட்டு மண்டபமும் மங்கிய விளக்கில் இயங்குவன. 1924 ஆம் ஆண்டு ஜேர்மனியிலே எர்மனொக்சு என்னும் சிறு கமெரா விற்பனைக்கு வந்தது. அதன் எஃப் 2 வில்லையை வகுத்தவர் லூட்விக் பேர்ட்டலே என்பவர். அதனை ஏந்தியவருட் புகழ்பெற்றவர், சட்டத்திலே கலாநிதிப் பட்டம் பெற்ற எரிக் சாலமன். மின்னற் பொடியைக் கொளுத்தாமல், ஓசையின்றி, அறையிலிருந்த விளக்கொளியைக்கொண்டே அவர் படமெடுத்தார். 1928 ஆம் ஆண்டிலே கமெராவை மறைத்துக்கொண்டு நீதிமன்றத்துட் சென்று வழக்கு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தார். 1930 ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டிலே, நள்ளிரவு கடந்தபின் களைத்துச் சாய்ந்திருந்த அமைச்சர்களை அவர் எடுத்த படம், அதிகாரத்தின் உண்மை முகத்தை உலகிற்குக் காட்டியது.

பத்துச் சதமமீற்றர் குவியத்தூரமுடைய அவ்வில்லையை முழுத் துவாரத்தில் வைத்து மூன்று மீற்றர் தொலைவிலுள்ள ஒருவரைப் படமெடுத்தால், தெளிவாக அமையும் ஆழம் ஏறத்தாழ ஒரு சாணுக்கும் குறைவு. அச்சாணைத் தவறவிட்டால் வரலாற்றுச் சான்றொன்றும் தவறிப்போகும். தட்டுகள் ஒவ்வொன்றாக மாற்றப்படவேண்டியவை. மறுமுறை என்பது பெரும்பாலும் இல்லை. சாலமன் தூரத்தைக் கண்ணால் மதித்தார். இடத்தை முன்னரே ஆராய்ந்தார். பேசுபவர் அசையாது நிற்கும் கணத்திற்காகக் காத்திருந்தார். யூதராகிய அவர், 1944 ஆம் ஆண்டு அவுசுவிற்சு முகாமில் உயிரிழந்தார். அவர் படங்கள் எஞ்சின.

அத்திலாந்திக்கின் மறுகரையிலே, நியூயோர்க் நகரில், வீஜி என்னும் புனைபெயர் பூண்ட ஆதர் ஃபெலிக் நேர்மாறான வழியைக் கையாண்டார். 1930 களிலும் 1940 களிலும் அந்நகரத்து இரவுகளிலே தீ விபத்துகளையும் கொலைகளையும் படமெடுத்த அவர், மின்னொளிக் குமிழின் பேரொளியை நம்பித் துவாரத்தை எஃப் 16 அளவிற்குச் சுருக்கினார். வில்லையைப் பத்தடித் தூரத்திற்கு முன்னரே பொருத்தி வைத்தார். பொருளிலிருந்து பத்தடி தள்ளி நின்றால் போதும். இருளிலே குவியந் தேடவேண்டியதில்லை. துவாரம் சுருங்கியதாற் பெருகிய ஆழம் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொண்டது. ஒருவர் இருந்த ஒளியையே நம்பித் தூரத்தை நுட்பமாக மதித்தார். மற்றவர் ஒளியைக் கையோடு கொண்டுசென்று, தூரத்தை மாறாததாக்கினார். பின்னர் வந்த பொறிகளும் இவ்விரு வழிகளையே பின்பற்றின.

இவற்றிற்கிடையே மூன்றாவது வழியொன்றும் பிறந்தது. 1932 ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் லைக்கா கமெராவிலே தூரமானி வில்லையுடன் இணைக்கப்பட்டது. மனிதனின் இரு விழிகளைப்போல, கமெராவின் முகப்பிலே சிறிது இடைவெளிவிட்டு இரு சாளரங்கள் அமைந்திருந்தன. அவற்றின்வழி வரும் இரு உருவங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை வில்லையைத் திருகினால் குவியம் சரியாயிற்று என்பது பொருள். இங்கே கண் செய்வது கூர்மையை மதித்தலன்று. இரண்டு கோடுகளை ஒன்றாக்குதல். கண் செய்யும் இவ்வொப்பீட்டைப் பொறியே செய்தால் என்ன என்னும் எண்ணத்திலிருந்துதான் தன்னியக்கக் குவியம் பிறந்தது.

அது பிறக்குமுன், மனித முயற்சி எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1975 ஆம் ஆண்டு வெளியான 'பாரி லிண்டன்' திரைப்படத்திலே, பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகைக் காட்சிகள் சிலவற்றை மெழுகுதிரி ஒளியிலேயே எடுக்க இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் விரும்பினார். அமெரிக்க விண்வெளி நிறுவனத்திற்காகச் சைசு நிறுவனம் ஆக்கிய எஃப் 0.7 வில்லைகளை அவர் பெற்றுக்கொண்டார். அத்துணை அகன்ற துவாரத்தில் தெளிவான ஆழம் சில அங்குலமே. நடிகர் சற்றே முன்சாய்ந்தாலும் முகம் கலங்கிவிடும். குவியத்தைக் கவனித்த டக்ளசு மில்சம், நடிகரைப் பக்கவாட்டிலிருந்து நோக்கும் தொலைக்காட்சிக் கமெராவொன்றை நிறுத்தி, அதன் திரையிலே நடிகர் முன்பின் அசைவதைக் கண்டு வில்லையைத் திருகினார். முன்னிருந்து அறியமுடியாத தூரத்தைப் பக்கத்திலிருந்து அளந்தமை இதன் நுட்பமாகும்.

பொறியின் கதை அதே காலத்தில் விரைந்தது. ஜேர்மனியின் லைற்சு நிறுவனம் 1960 களிலிருந்து ஆராய்ந்து, 1976 ஆம் ஆண்டு கொலோன் நகரக் கண்காட்சியிலே தன் தன்னியக்கக் குவிய முறையை எடுத்துக் காட்டியது; ஆயினும் அதனைச் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. 1977 ஆம் ஆண்டு யப்பானின் கொனிக்கா நிறுவனம், அமெரிக்க ஹனிவெல் நிறுவனம் ஆக்கிய உறுப்பைப் பொருத்திச் சி-35 ஏ.எஃப். என்னும் கமெராவை விற்பனை செய்தது. பெருந்தொகையாக ஆக்கப்பட்ட முதலாவது தன்னியக்கக் குவியக் கமெரா அதுவே. அதன் உள்ளே இயங்கியதும் பழைய தூரமானித் தத்துவமே. இரு உருவங்களையும் கண்ணுக்குப் பதிலாக ஒளியுணரிகள் ஒப்பிட்டன.

ஒப்பிடுவதற்கு இரண்டு வேண்டும். அவ்விரண்டிலும் அடையாளங் காணத்தக்க ஏதேனும் ஒன்று வேண்டும். வெளுத்த சுவரின் இரு உருவங்களை அருகருகே வைத்தால், அவை பொருந்தினவா இல்லையா என்று எவராலும் கூறமுடியாது. பொறிக்கு வேண்டுவது வெறும் ஒளியன்று. ஒளிக்கும் நிழலுக்குமிடையே ஓர் எல்லை. இருளிலே எல்லைகள் மங்குகின்றன. ஆதலினாலேயே பொறி தடுமாறுகின்றது.

இதனைக் கடக்க 1978 ஆம் ஆண்டு பொலரொயிட் நிறுவனம் வௌவாலின் வழியைப் பின்பற்றியது. அதன் கமெரா 50,000 முதல் 60,000 வரையான அதிர்வெண்ணுடைய ஒலியை வெளியிட்டது. மனிதச் செவிக்கு அது கேட்பதில்லை. அவ்வொலி பொருளிற் பட்டு மீளும் நேரத்தைக்கொண்டு தூரம் கணிக்கப்பட்டது. மூன்று மீற்றர் சென்று திரும்ப ஒலிக்கு ஒரு விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரமும் வேண்டியதில்லை. முழு இருளிலும் அது பிழைக்கவில்லை. ஆயின் கண்ணாடிச் சாளரத்தினூடே படமெடுத்தால், ஒலி கண்ணாடியிற் பட்டே திரும்பியது. கமெரா கண்ணாடியைக் குவியஞ் செய்தது. 1979 ஆம் ஆண்டு கனன் நிறுவனம் கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க் கதிரை அனுப்பி, அது மீளும் கோணத்தால் தூரத்தை அளக்கும் கமெராவை வெளியிட்டது. அதற்கும் எல்லையுண்டு. தொலைவிலுள்ள பொருளும், கதிரை விழுங்கிவிடும் கரிய துணியும் அதற்கு விடை கூறவில்லை.

1985 ஆம் ஆண்டு யப்பானின் மினோல்டா நிறுவனம் வெளியிட்ட 7000 என்னும் கமெரா, வில்லைகளை மாற்றிப் பூட்டத்தக்க வகையிலே தன்னியக்கக் குவியம் பெருவெற்றி பெறலாம் என்பதைக் காட்டியது. வில்லையின் வழியே வரும் ஒளியையே இரு கூறாக்கி ஒப்பிடும் முறை அதில் அமைந்தது. அதன் பயனை உரிமை கொண்டாடியோர் பலர். தன் காப்புரிமை மீறப்பட்டதென ஹனிவெல் நிறுவனம் 1987 ஆம் ஆண்டிலே வழக்குத் தொடர்ந்தது; 1992 ஆம் ஆண்டு மினோல்டா 12 கோடியே 70 இலட்சத்திற்கு மேற்பட்ட டொலரைச் செலுத்த உடன்பட்டது. குவியத்தின் விலை இத்தகையது!

அக்கமெராவும் இருளைக் கண்டு தயங்கியது. ஆகவே அதனுடன் பொருத்தும் மின்னொளி விளக்கிலே, குவியத்திற்கு உதவும் சிறு செவ்வொளி விளக்கொன்றும் சேர்க்கப்பட்டது. பிற்காலத்து உதவி விளக்குகள் பலவும் வெறும் ஒளியை வீசாது, கோடுகளை வீசின. வெளுத்த சுவரில் அக்கோடுகள் விழுந்தவுடன், சுவருக்கில்லாத எல்லையைப் பொறி இரவலாகப் பெற்றது. கோடாக அமைந்த உணரி தனக்குக் குறுக்கே செல்லும் எல்லையையே காணும். தனக்கு இணையாகச் செல்வதைக் காணாது. இக்குறையைப் போக்க, 1989 ஆம் ஆண்டு கனன் வெளியிட்ட ஈ.ஓ.எஸ்.-1 கமெராவின் நடுவிலே சிலுவை வடிவ உணரி அமைந்தது.

படச்சுருள் மறைந்து இலத்திரன் உணரி வந்தபின், சிறு கமெராக்கள் பிறிதொரு முறையைக் கைக்கொண்டன. வில்லையைச் சிறிது நகர்த்தி, ஒளிநிழல் வேறுபாடு கூடுகின்றதா குறைகின்றதா என்று பார்ப்பது அது. மலையுச்சியைத் தேடும் குருடனைப்போல, உச்சியைக் கடந்து இறங்கத் தொடங்கியபின்னரே உச்சி எதுவென அது அறியும். இருளில் உணரியின் இரைச்சல் பொய்யான உச்சிகளை எழுப்புகின்றது. வில்லை முன்னும் பின்னும் ஓடுவதன் இரகசியம் இதுவே. 2010 ஆம் ஆண்டிலே பியூஜி நிறுவனமும், 2013 ஆம் ஆண்டிலே வேறொரு வகையிற் கனன் நிறுவனமும், இரு உருவங்களை ஒப்பிடும் பழைய தத்துவத்தைப் படம் பதியும் உணரியினுள்ளேயே அமைத்தன.

இதனால் விளைந்த முன்னேற்றத்தை ஓர் அளவினாற் கூறலாம். ஒளியை அளக்கும் 'ஈ.வி.' என்னும் அளவுகோலிலே ஒரு படி இறங்கினால் ஒளி பாதியாகும். 1985 ஆம் ஆண்டு மினோல்டா 7000 அவ்வளவுகோலின் 2 ஆம் படிவரை குவியஞ் செய்தது. 2018 ஆம் ஆண்டு வெளிவந்த கனன் ஈ.ஓ.எஸ். ஆர், எஃப் 1.2 வில்லையுடன், படத்தின் நடுப்பகுதியில், பூச்சியத்திற்குக் கீழ் 6 ஆம் படிவரை செய்யும் என்று நிறுவனம் அறிவித்தது. இரண்டும் ஒரே நிபந்தனையில் அளக்கப்பட்டவையல்ல எனினும், எட்டுப் படி இறக்கம் என்பது 256 இல் ஒரு பங்கு ஒளியாகும். கைத்தொலைபேசிகளோ ஒளியை அனுப்பி அளக்கும் வழியை மீட்டெடுத்தன. 2014 ஆம் ஆண்டு எல்.ஜி. ஜி3 தொலைபேசி லேசர் ஒளியாலும், 2020 ஆம் ஆண்டு அப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 12 புரோ 'லைடார்' என்னும் உறுப்பாலும் இருளிலே தூரத்தை அளந்தன.

இவ்வரலாற்றை அறிந்தவர்க்குத் தீர்வு கடினமன்று. முதலில் நோயை அறிதல் வேண்டும். படத்திலுள்ள எல்லாமே ஒரே திசையில் இழுபட்டுத் தோன்றினால் அது கையசைவின் குற்றம், குவியத்தின் குற்றமன்று. முகம் கலங்கிப் பின்புறம் தெளிந்திருந்தால் அது குவியத்தின் குற்றம். பின்னதாயின், கன்னத்தையோ வெறுஞ்சுவரையோ நோக்காது, அதே தூரத்திலுள்ள ஓர் எல்லையை நோக்குதல் வேண்டும். சட்டையின் கழுத்தோரம், கண்ணாடிச் சட்டம், புருவம் ஆகியன ஏற்றவை. கருவி அவ்வெல்லையைக் காணாவிடில் அதனைச் சற்றே சரித்துப் பார்க்கலாம். நடுப்புள்ளியைத் தெரிவு செய்தல் இன்னும் நன்று. அகன்ற துவாரமுள்ள வில்லை உணரிக்கு மிகுந்த ஒளி தரும். உதவி விளக்கை விரலோ வில்லையின் மறைப்போ மூடாதிருத்தல் வேண்டும். பல கமெராக்களிலே அவ்விளக்கு தொடர்குவிய முறையில் எரிவதில்லை. ஒருமுறைக் குவியத்திலேயே எரியும். ஒரு கணம் கைவிளக்கைப் பாய்ச்சிக் குவியத்தைப் பூட்டிவிட்டு, விளக்கை அணைத்துப் படமெடுத்தலும் ஆகும். இவையெல்லாம் தவறினால் வீஜியின் வழி இருக்கின்றது: தன்னியக்கத்தை நிறுத்தி, வில்லையை அறிந்த தூரத்திற்குக் கையாற் பொருத்தி, அத்தூரத்திலே நிற்றல்.

பொறி தூரத்தை அறியும்; இருளிலும் இப்போது நன்கு அறியும். ஆயின் எந்தத் தூரம் வேண்டப்படுகின்றது என்பதை அது தானாக அறியாது. அதற்குக் கற்பிக்கப்பட்ட முகமும் விழியும் கூட, பல முகங்களுள் எந்த முகம் என்பதற்கு விடை கூறா. நள்ளிரவு மண்டபத்திலே உறங்கிய அமைச்சரின் முகமே அந்நாளின் செய்தி என்பதைச் சாலமன் அறிந்தார். கூர்மைக்குச் சற்றே இப்பால் நின்ற முகத்திலே அழகிருந்ததைக் கமரன் அம்மையார் கண்டார். பொகவந்தலாவை மலைச்சாரலிலே அவரது கல்லறை இன்றும் இருக்கின்றது. விளக்கொளியிலே கருவியை உயர்த்திப் பிடிப்பவர், வில்லை ஓடி நிற்கும்வரை காத்திராது, எங்கே நிற்கவேண்டும் என்பதை முதலில் தாமே முடிவு செய்வாராயின், பாதி இருள் அப்பொழுதே விலகிவிடும்.